ரீஃபிலில்தான் இருக்கிறது பேனா

ஸ்டேஷனரி கடையில் பேனா கேட்பவர்கள் பெரும்பாலும் அதன் மேனியைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். பிடிக்கும் இடத்தில் ரப்பர் இருக்கிறதா, கிளிப் உறுதியாக நிற்கிறதா, அழுத்தினால் ‘டிக்’கென்று சத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். ரீஃபில் மட்டும் வாங்க வருபவர்களின் கேள்வி இன்னும் சுருக்கம்: நீலமா கறுப்பா, நீளம் பொருந்துமா. ஆனால் ‘நைஸாக எழுதுது’ என்று நாம் மெச்சிக்கொள்ளும் உணர்வுக்கும் பேனாவின் மேனிக்கும் உள்ள தொடர்பு மிகவும் குறைவு. ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத ஒரு குண்டு, அது உட்கார்ந்திருக்கும் உலோகக் குழி, இரண்டுக்கும் நடுவே ஓடும் மை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த உணர்வைத் தீர்மானிக்கின்றன. மூன்றும் ரீஃபிலுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அவற்றில் மைக்கே பெரிய பங்கு என்பதும், வழுக்கிக்கொண்டு ஓடும் மை வேறு ஏதோ ஒரு வசதியை வாங்கிக்கொண்டுதான் அந்த ஓட்டத்தைத் தருகிறது என்பதும் என் வாதம். எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்று தெரியாமல் ரீஃபில் தேர்ந்தெடுப்பவர் ஏதாவது ஓரிடத்தில் ஏமாறுவார்.

முதலில் முனையில் நடப்பதைப் பார்க்கலாம். 0.7 மி.மீ. குண்டின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மி.மீ. எழுதும் கை நொடிக்கு 5 செ.மீ. நகர்வதாக வைத்துக்கொண்டால், அந்தக் குண்டு நொடிக்கு 23 முறை, நிமிடத்துக்குச் சுமார் 1,360 முறை உருள வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குக் கோடு இழுத்தால் நாலரை லட்சம் சுற்று. குண்டைத் திருப்புவது காகிதத்தின் பிடிப்பு. திரும்பவிடாமல் தடுப்பது குழிக்குள் இருக்கும் மை. குண்டுக்கும் குழிச்சுவருக்கும் இடையே சில மைக்ரான்கள்தான் இடைவெளி. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். அந்த இடுக்கில் குண்டை ஒட்டிய மை குண்டோடு ஓடுகிறது, சுவரை ஒட்டிய மை அசையாமல் நிற்கிறது. நடுவில் இருக்கும் மை இரண்டு பக்கமும் இழுபட்டுத் தேய்கிறது. இந்தத் தேய்ப்புக்கு மை காட்டும் எதிர்ப்பு அதன் பாகுநிலையைப் பொறுத்தது. பாகுநிலை கூடினால் எதிர்ப்பு கூடும். இடைவெளி குறைந்தாலும் கூடும். எழுதும்போது கைக்கு ‘இழுக்கிறது’ என்று தோன்றுவதில் இந்த எதிர்ப்போடு, குழியின் விளிம்பில் குண்டு நேராக உரசும் உராய்வும், காகித நார்களின் மேடுபள்ளமும் கலந்திருக்கின்றன. விரல்களால் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாது. அதனால்தான் பேனா மேல் சொல்ல வேண்டிய குறையைக் காகிதத்தின் மேலும், காகிதத்தின் குறையைப் பேனாவின் மேலும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மையின் பங்குக்கு வரலாறே முதல் சாட்சி. குண்டு பொருத்திய பேனாவுக்கு அமெரிக்காவில் ஜான் லவுட் 1888-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். தோல், மரம், முரட்டுப் பொதிகாகிதம் போன்றவற்றில் குறி போட அது போதுமானதாக இருந்தது. கடிதம் எழுதத் தோதுப்படவில்லை. அதன் பிறகு பலர் முயன்றார்கள். நீர்த்த மையை ஊற்றினால் குண்டின் ஓரமாக ஒழுகியது. கெட்டி மையை ஊற்றினால் இறங்க மறுத்தது. அரை நூற்றாண்டு இந்த இக்கட்டிலேயே கழிந்தது. ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ, வேதியியல் அறிந்த தம் சகோதரரின் துணையோடு கெட்டியான ஒரு மையை உருவாக்கி, 1938-ல் பிரிட்டனிலும், நாஜிகளின் காலத்தில் புலம்பெயர்ந்து சென்ற அர்ஜென்டினாவில் 1943-லும் காப்புரிமை பெற்றார். உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது மைப்பேனாக்கள் கக்கிவிடும். பீரோவின் பேனா கக்கவில்லை என்பதால் பிரிட்டிஷ் விமானப்படை அதை விரும்பி வாங்கியது. 1945 அக்டோபரில் நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில் 12.50 டாலருக்கு இந்த வகைப் பேனா விற்பனைக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. ஆனால் அந்தப் பேனாக்கள் கசிந்தன, திட்டுத் திட்டாக எழுதின, சட்டைகளைக் கெடுத்தன. மோகம் சீக்கிரமே வடிந்தது. காகிதத்தில் பட்டதும் காயக்கூடிய, ஒழுகாத ஒரு மையை ஃபிரான் சீச் என்ற வேதியியலாளர் கலிபோர்னியாவில் உருவாக்கி, 1949 வாக்கில் அது பேப்பர் மேட் பேனாவுக்குள் போன பிறகுதான் மக்களுக்கு மறுபடி நம்பிக்கை வந்தது. உலோகத்தை நுட்பமாகக் கடையும் எந்திரங்களும் இந்தக் காலத்தில் வளர்ந்தன என்பது உண்மை. பிரான்ஸில் மார்செல் பிக் 1950-ல் மலிவான பேனாவைக் கொண்டுவர முடிந்ததில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் நான்கைந்து ஆண்டுகளில் கடைசல் கலை தலைகீழாக மாறிவிடவில்லை. மாறியதில் முக்கியமானது மை.

அப்படிக் கிடைத்த எண்ணெய் மைதான் இன்றும் விலை குறைந்த ரீஃபில்களில் ஓடுகிறது. ‘எண்ணெய்’ என்று சொன்னாலும் அதில் சமையல் எண்ணெய் போன்ற எதுவும் இல்லை. பென்சைல் ஆல்கஹால், ஃபீனாக்ஸி எத்தனால் ஆகிய கரைப்பான்கள், அவற்றில் கரைந்த சாயம், காகிதத்தோடு ஒட்டவைக்கும் ரெசின், கொஞ்சம் உயவுப்பொருள்: இவையே அதன் உடம்பு. தண்ணீரின் பாகுநிலை 1 மில்லிபாஸ்கல்-நொடி என்றால், 20 டிகிரியில் விளக்கெண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ 1,000. பழைய வகை பால்பாயின்ட் மையோ 10,000 முதல் 20,000 வரை போகும். இவ்வளவு கெட்டியாக இருப்பதால்தான் அது வால்வு இல்லாமலே குழாயில் தங்குகிறது, குண்டின் ஓரத்தில் வழியாமல் நிற்கிறது, காகிதத்தில் பரவாமல் போட்ட இடத்திலேயே இருக்கிறது, மூடி இல்லாமல் மேசையில் கிடந்தாலும் காய்வதில்லை. இத்தனை நன்மைக்கும் கைதான் விலை கொடுக்கிறது. கெட்டி மையைக் குழியிலிருந்து இழுத்து வர, குண்டு காகிதத்தை நன்றாகக் கவ்வ வேண்டும். கவ்வ வேண்டுமானால் நாம் அழுத்த வேண்டும். பத்துப் பக்கம் எழுதிய பிறகு கட்டைவிரல் அடியில் வரும் வலிக்கும், தாளின் மறுபக்கத்தில் தடவினால் தெரியும் எழுத்தின் மேடுக்கும் காரணம் ஒன்றே.

அப்படியானால் மையை நீர்க்க விட்டால் போதாதா என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில், சுழலும் உருளைத் தாங்கிகளை ஆராய்ந்த ஜெர்மானியர் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் 1902-ல் வெளியிட்ட அளவீடுகளில் இருக்கிறது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே உள்ள உயவுப் படலம் கெட்டியாக இருந்தால், உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் படலமே இழுத்துப் பிடிக்கும். படலத்தை மெல்ல நீர்க்கச் செய்தால் இழுவை குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்துக்குக் கீழே படலம் குண்டைத் தாங்க மாட்டாமல் அறுந்துபோய், உலோகம் உலோகத்தை உரசத் தொடங்கும். அங்கிருந்து உராய்வு மறுபடி சரசரவென்று ஏறிவிடும். ஆக வழுவழுப்பு என்பது பாகுநிலையைக் குறைத்துக்கொண்டே போனால் கிடைத்துவிடும் பொருள் அன்று. அது ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. இந்தப் பக்கம் ஏறினால் இழுவை, அந்தப் பக்கம் ஏறினால் கரகரப்பு. மெதுவாக எழுதும்போது மட்டும் ‘கீறும்’ பேனாக்கள் இந்தக் கணக்கில்தான் மாட்டிக்கொள்கின்றன. வேகம் குறைந்தால் படலமும் மெலிகிறது. கையெழுத்துப் போடும்போது சர்ரென்று ஓடிய அதே பேனா, பெயரை நிறுத்தி நிதானமாக எழுதும்போது முரண்டு பிடிப்பது இதனால்தான்.

அதனால், நீர்த்த எண்ணெய் மையைச் செய்ய முனைந்தவர்களுக்கு வேலை இரட்டிப்பானது. பாகுநிலையைப் பல மடங்கு குறைக்க வேண்டும். அதே நேரத்தில் உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, படலம் அறுந்தாலும் உரசலைத் தாங்கிக்கொள்ளும் உயவுப்பொருளைச் சேர்க்க வேண்டும். ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் தன் நாட்டில் 2006-ல் கொண்டுவந்த ஜெட்ஸ்ட்ரீம் இந்த வழியில் பேர் வாங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பைலட்டின் அக்ரோபால், ஸீப்ராவின் சுராரி, பென்டெலின் விகூன்யா என்று வரிசையாக வந்தன. (கார் செய்யும் மிட்சுபிஷிக்கும் இந்த நிறுவனத்துக்கும் பெயரைத் தவிர உறவில்லை.) மை நீர்த்தவுடன் 1940-களின் பழைய தொல்லை திரும்பி வந்தது. கசிவைத் தடுக்க முனைக்குள் நுண்ணிய ஸ்பிரிங் வைத்து, எழுதாத நேரத்தில் குண்டை விளிம்போடு அழுத்தி அடைத்தார்கள். மை பின்னோக்கி ஓடாமலிருக்க உள்ளே இன்னொரு குட்டிக் குண்டை வால்வாக வைத்தவர்களும் உண்டு. இந்தியாவில் இன்று பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பல பேனாக்கள் ‘லோ விஸ்காசிட்டி’ என்று அட்டையில் அச்சிட்டு வருகின்றன. அவற்றில் மை நன்றாகவே இருக்கும். அடைப்பு வேலை எல்லாவற்றிலும் அதே கவனத்தோடு நடந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சட்டைப் பையில் வட்டமாக நீலம் பூப்பது அந்த மிச்சம் பிடித்தலின் விளைவு.

இத்தனை சிரமம் எதற்கு, ஜெல் பேனாவே வாங்கிவிடலாமே என்பது அடுத்த ஆட்சேபம். ஜெல்லின் தந்திரம் உண்மையிலேயே அழகானது. ஒசாகாவின் சகுரா நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த முதல் ஜெல் மையில் தண்ணீர்தான் அடிப்படை. அதில் ஐஸ்கிரீமிலும் சாஸிலும் கெட்டிப்பதத்துக்காகச் சேர்க்கும் சாந்தன் கோந்து கலந்திருந்தது. அசையாமல் இருக்கும்போது கோந்தின் நீண்ட மூலக்கூறுகள் பின்னிக்கொண்டு மையைக் கூழாக வைத்திருக்கும். குண்டு உருண்டதும் அந்த இடுக்கில் ஏற்படும் கடுமையான தேய்ப்பில் பின்னல் பிரிந்து, மை கிட்டத்தட்ட தண்ணீராக ஓடும். காகிதத்தில் இறங்கியதும் மறுபடி கூழாகும். தேவைப்படும் கணத்தில் மட்டும் நீர்க்கும் மை என்பதால் கை அழுத்தவே வேண்டியதில்லை. பேனாவின் எடையே போதும். வழுவழுப்பு ஒன்றை மட்டும் அளந்தால் ஜெல்தான் வெல்லும். ஆனால் அது ஊற்றுகிற மையின் அளவைக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் ஜெல் மை 800 மீட்டர் எழுதுகிறது, கோடு 0.4 மி.மீ. அகலம் என்று வைத்தால், காகிதத்தில் படரும் ஈரப்படலத்தின் தடிமன் சுமார் 3 மைக்ரான். பழைய எண்ணெய் மையில் 0.4 கிராம் 2 கிலோமீட்டர் வரை போகிறது, கோடு 0.35 மி.மீ. என்று வைத்தால், தடிமன் அரை மைக்ரானைச் சற்றே தாண்டும். ஐந்து மடங்கு கனமான ஈரம். அது காய நேரம் பிடிக்கும். இடதுகையால் எழுதுபவரின் விரலோரம் கறையாகும். மெல்லிய தாளில் மறுபக்கம் தெரியும். ரீஃபில் பாதி தேர்விலேயே தீர்ந்து நிற்கும். கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்கும் பில்புத்தகத்தில் ஜெல்லால் பயனில்லை, அழுத்தாமல் எழுதுவதே அதன் குணம். இந்தக் கணக்கையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், நாள்தோறும் நிறைய எழுதுகிற பெரும்பாலானவர்களுக்கு நீர்த்த எண்ணெய் மைதான் நடுநிலையான தேர்வு என்பது என் தீர்ப்பு.

குண்டையும் குழியையும் குறைத்து மதிப்பிடுவதாக இங்கே ஒருவர் குறுக்கிடலாம். நியாயமான குறுக்கீடு. வெள்ளை மேனியும் நீல மூடியுமாகத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பைகளில் நெடுங்காலம் கிடந்த ரெனால்ட்ஸ் 045 பேனாவின் மேல் ‘ஃபைன் கார்ப்யூர்’ என்று அச்சிட்டிருக்கும். குண்டு டங்ஸ்டன் கார்பைடு என்பதற்கான அறிவிப்பு அது. அந்தக் குண்டைச் செய்வதைவிடக் குழியைக் கடைவது கடினம். ஆண்டுக்குச் சுமார் 3,800 கோடி பேனா செய்துகொண்டிருந்த சீனா, முனைக்கான எஃகை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. அப்போதைய பிரதமர் லீ கச்சியாங் இதை வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். தையுவான் எஃகு ஆலை பல ஆண்டு முயன்று, 2.3 மி.மீ. தடிமனுள்ள முனைக் கம்பியைச் செய்துவிட்டதாக 2017-ல்தான் செய்தி வந்தது. துல்லியமாகக் கடைய வளைந்துகொடுக்க வேண்டும், லட்சக்கணக்கான சுற்றுக்குத் தேயாமலும் இருக்க வேண்டும் என்ற முரணான நிபந்தனைகள் அந்த எஃகுக்கு. ஆனால் இங்கேயும் மைதான் ஆணையிடுகிறது. எண்ணெய் மைக்குப் பித்தளைக் குழியே போதும். தண்ணீர் கலந்த ஜெல் பித்தளையை அரித்துவிடும் என்பதால் அதற்குத் துருப்பிடிக்காத எஃகு தேவைப்படுகிறது. நல்ல முனை, மை தரக்கூடியதைக் கெடுக்காமல் கொடுக்கும். மையில் இல்லாத ஓட்டத்தை எந்த முனையாலும் உண்டாக்க முடியாது.

பெரிய குண்டு வாங்கினால் போதும் என்பது கடைக்காரர்கள் தரும் சுருக்கமான ஆலோசனை. அதில் பாதி உண்மை உண்டு. 0.5 மி.மீ. குண்டு காகித நார்களின் இடைவெளியில் இறங்கி ஏறும், 1.0 மி.மீ. குண்டு அவற்றின் மேலாகப் போய்விடும், அழுத்தமும் கூடுதல் பரப்பில் பரவும். மூடியில் அச்சிட்டிருக்கும் எண் குண்டின் விட்டம். கோட்டின் அகலம் அதைவிட மிகக் குறைவு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1.0 என்றதும் தடியாக எழுதும் என்று பயந்து விலகுபவர்கள் வீணாக விலகுகிறார்கள். ஆனால் குண்டு பெரிதாகும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இறங்கும் மையும் கூடுகிறது, சின்ன எழுத்தின் உள்வெளி அடைபடுகிறது. காகிதமும் தன் பங்குக்குப் பேசும். கரூர் அருகே காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாளில் நார்கள் ஊசியிலை மரத்தின் நார்களைவிடக் குட்டை. பரப்பு சமமாக அமையும், சிறிய குண்டும் அதில் ஓடும். பளபளப்பு பூசிய தாளில் கதை தலைகீழ். அங்கே பிடிப்பே இல்லாததால் குண்டு உருளாமல் சறுக்கும். மை வெளியே வராது. வழுவழுப்பான தாளில் எழுத மறுக்கும் ரீஃபிலைக் குப்பையில் போடுவதற்கு முன் சாதாரணத் தாளில் ஒரு முறை இழுத்துப் பார்ப்பது நல்லது.

வழுவழுப்பு என்பது அவரவர் கைப்பழக்கம், அதற்கு ஏது அறிவியல் என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். எவ்வளவு இழுவை பிடிக்கும் என்பது பழக்கம். எவ்வளவு இழுவை இருக்கிறது என்பது அளக்கக்கூடியது. எழுதப் பழகும் குழந்தைக்கு ஓரளவு இழுவை நல்லது என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, விரல் எங்கே போகிறது என்பதை அந்த எதிர்ப்புதான் கைக்குச் சொல்கிறது. மூன்று மணி நேரத் தேர்வு எழுதும் கல்லூரி மாணவருக்கு அதே எதிர்ப்பு தண்டனை. தமிழ் எழுதுபவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு காரணம் சேர்கிறது. ஆவணத் தடயவியலில் நன்கு அறிந்த ஒரு செய்தி: கெட்டி மைப் பேனா வளைவில் திரும்பும்போது குண்டின் ஓரத்தில் சேர்ந்த மை, வளைவைத் தாண்டியதும் திட்டாக இறங்கும். கோடு எந்தத் திசையில் இழுக்கப்பட்டது என்பதை நிபுணர்கள் அந்தத் திட்டைப் பார்த்தே சொல்வார்கள். ணகரம், னகரம், ஐகாரம் என்று சுழிக்கு மேல் சுழியாகப் போகிற நம் எழுத்தில் ஒவ்வொரு வரியிலும் இப்படி எத்தனை திருப்பங்கள்! ஆங்கிலத்தில் அடக்கமாக எழுதும் ஒரு ரீஃபில் தமிழில் அழுக்காக எழுதினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஓரத்தில் தேங்காமல் உடனுக்குடன் இறங்கும் நீர்த்த எண்ணெய் மையும் 0.7 மி.மீ. குண்டும் நம் சுழிகளுக்குப் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

எழுதியது நிற்க வேண்டும் என்றால் கணக்கு மறுபடி மாறுகிறது. டி.என்.பி.எஸ்.சி., நீட் போன்ற தேர்வுகளின் விடைத்தாளில் வட்டங்களை நிரப்பப் பால்பாயின்ட் பேனா என்று குறிப்பிட்டே சொல்கிறார்கள். எண்ணெய் மை பரவாது, மறுபக்கம் ஊறாது, தாள்மேல் தாள் அடுக்கினாலும் ஒட்டாது; எந்திரம் படிக்கும் தாளுக்கு இந்தக் குணங்கள் தேவை. காசோலையில் வேறு ஆபத்து. சாயம் கரைந்த சாதாரண மையை ஆல்கஹால், அசிட்டோன் போன்ற கரைப்பான்களால் கழுவி எடுத்துவிட்டுப் புதிய தொகை எழுத முடியும். கரையாத நிறமித் துகள்கள் நார்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும் மையை அவ்வளவு எளிதில் அகற்ற முடியாது. பல ஜெல் மைகளிலும், சில நீர்த்த எண்ணெய் மைகளிலும் நிறமி இருக்கிறது. பத்திரங்களுக்கு உகந்த பால்பாயின்ட் ரீஃபிலுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 12757-ன் இரண்டாம் பகுதி தனித் தகுதி வகுத்திருக்கிறது. ஒளி, நீர், அழிப்பு முயற்சி ஆகியவற்றைத் தாங்கும் சோதனை அதில் உண்டு. பத்திரம் எழுதுபவர் வழுவழுப்பைத் தேடுவதைவிட அந்த எண்ணை ரீஃபிலின் மேல் தேடுவது மேல்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வகங்களில் மையை அளப்பது பெரும்பாலும் 20 அல்லது 25 டிகிரியில். முன்னே சொன்ன விளக்கெண்ணெய் 30 டிகிரிக்கு வந்தால் பாகுநிலை பாதிக்கும் கீழே இறங்கும், 40 டிகிரியில் கால்வாசிக்கும் கீழே. பால்பாயின்ட் மையும் வெப்பத்துக்கு இளகும் இனம்தான். மே மாத வேலூரில் வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டில் கிடக்கும் நீர்த்த மை ரீஃபில், அதைச் செய்தவர் நினைத்ததைவிட நீர்த்திருக்கும். அங்கே பழைய கெட்டி மை தன் பெருமையை மீட்டுக்கொள்கிறது. அதே கெட்டி மை டிசம்பர் காலையில் ஊட்டியில் முதல் இரண்டு வார்த்தையை விழுங்கிவிட்டுத்தான் எழுதும். வெயில், குளிர் இரண்டையும் சமாளிக்க பால் ஃபிஷர் என்ற அமெரிக்கர் எடுத்த வழி வேறு. தேய்த்தால் இளகும் கெட்டி மையை நைட்ரஜன் அழுத்தத்தில் அடைத்த அவருடைய ரீஃபில் 1968-ல் அப்பல்லோ 7 விண்கலத்தில் போனது. தலைகீழாகவும் குளிரிலும் எழுதும்; ஆனால் நைஸாக எழுதுவதில் இன்றைய பத்து ரூபாய்ப் பேனா அதைத் தோற்கடித்துவிடும்.

வாங்கப் போகும்போது அளவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பார்க்கர் பேனாவில் போடும் தடித்த வகைக்கு ஜி2 என்பது ஐ.எஸ்.ஓ. தந்த பெயர், நீளம் சுமார் 98 மி.மீ. நான்கு நிறப் பேனாக்களிலும் மெல்லிய பேனாக்களிலும் போடும் குட்டி உலோக ரீஃபில் டி1, நீளம் 67 மி.மீ. பைலட் நிறுவனம் தன் ஜெல் பேனா ஒன்றுக்கு ஜி2 என்றே பெயர் வைத்திருக்கிறது. அந்த ரீஃபில் பார்க்கருக்குள் போகாது. நம் ஊர் பிளாஸ்டிக் குச்சி ரீஃபில்களுக்கோ எந்த ஒழுங்கும் இல்லை, பழைய ரீஃபிலைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குவதுதான் வழி. ஜி2 வடிவம் ஏற்கும் பேனா ஒன்று கையில் இருந்தால், அதே மேனிக்குள் கெட்டி மை, நீர்த்த மை, ஜெல் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பிடி, எடை, தோற்றம் எதுவும் மாறாமல் மையின் வேறுபாடு மட்டும் கைக்குத் தெரியும். கடைக் கண்ணாடி மேசையில் ஒற்றைத் தாளில் கிறுக்கிப் பார்ப்பது நம்பத்தகாத சோதனை. அடியில் மெத்தென்று நாலு தாள் இல்லாவிட்டால் குண்டுக்குப் பிடிப்பு குறைவு, நல்ல ரீஃபிலும் விட்டு விட்டு எழுதும். சொந்த நோட்டை எடுத்துப்போய், முனையில் இருக்கும் மெழுகுத் துளியை நீக்கிவிட்டு, பேனாவைத் தளர்வாகப் பிடித்து முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் எட்டு வடிவில் சுழித்துப் பார்த்தால் போதும். மெதுவாகச் சுழிக்கும்போது கீறினால் உயவு போதாது, வேகமாகச் சுழிக்கும்போது கோடு வெளிறினால் மை குண்டுக்கு ஈடுகொடுக்கவில்லை, திருப்பத்தில் திட்டு விழுந்தால் மை ஓரத்தில் தேங்குகிறது. வாங்கி வந்த பிறகு முனை கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். ஜெல் ரீஃபிலின் பின்பக்கத்தில் தெரியும் நிறமற்ற கிரீஸ் மையின் பின்னாலேயே இறங்கிவரும் அடைப்பு. முனையை மேலே வைத்து நாள்கணக்கில் விட்டாலோ, சுவரில் தாளை வைத்து மேல்நோக்கி எழுதினாலோ குண்டின் பின்னால் காற்று புகுந்துவிடும், குழாய் நிறைய மை இருந்தும் ஒரு எழுத்துகூட விழாது.